குறைகாற்றுப் பள்ளி

செம்மணற்பட்டி நகராட்சிப் பள்ளியில் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிட்டால் பிள்ளைகள் 'உள்ளேன்' என்று சொல்வதில்லை. எண் சொல்வார்கள்.

"உலகம்மை?"

"தொண்ணூத்தொண்ணு, டீச்சர்."

"பூலித்துரை?"

"எழுவத்தொம்பது, டீச்சர்."

"பொய் சொல்லாதலே. கையக் காட்டு."

பூலித்துரை கையை நீட்டினான். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த மூச்சுமானி எண்பத்தெட்டு காட்டியது. இரத்தத்தில் உயிர்வளி எண்பதுக்குக் கீழே போனவர்கள் முதல் பாடவேளை முழுவதும் காற்றறையில் குழாயை வாயில் கவ்விக்கொண்டு படுத்திருக்கலாம் என்பது பள்ளியின் விதி. அன்றைக்கு முதல் பாடவேளை பின்னக் கணக்கு.

"எண்பத்தெட்டுல ஒம்பது போனா எழுவத்தொம்பது டீச்சர். கழிச்சுச் சொன்னேன்" என்றான் அவன்.

வகுப்பு சிரித்தது. அளவாகத்தான் சிரித்தது. சிரிப்பும் காற்றுச் செலவு என்பது அந்தப் பள்ளியில் முதல் வகுப்புப் பாடம்.

செவ்வாய்க் கோளில் தமிழர்கள் குடியேறிய மூன்றாவது ஊர் செம்மணற்பட்டி. வெளியே காற்று என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை; குளிர் மட்டும் தாராளம். ஆகவே வீடு, கடை, கோயில், சந்தை எல்லாமே காற்று நிரப்பிய கூடுகள். ஒரு கூட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூடுபாதைகள் உண்டு. எல்லாக் கூடுகளும் நன்றாகவே இருந்தன, ஒன்றைத் தவிர. பள்ளிக்கூடக் கூரையின் விளிம்பைச் சுற்றியிருந்த அடைப்புப் பட்டை இற்றுப்போய், இயந்திரம் உள்ளே தள்ளுகிற காற்றில் பாதி வெளியே போய்க்கொண்டிருந்தது.

அதனால் காலை இறைவணக்கத்துக்கு முன் அங்கே 'நூல் சுற்று' என்று ஒன்று நடக்கும். வகுப்புத் தலைவி ஒரு நூல் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடப்பாள். நூல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அங்கே ஓட்டை. உடனே பழைய விடைத்தாள் ஒன்றைப் பசையில் தோய்த்து ஒட்டிவிடுவார்கள். நல்ல மதிப்பெண் பெற்ற தாள்களைப் பெற்றோர் வாங்கிப் போய்விடுவதால் மிச்சமிருந்தவை முட்டைகள் மட்டுமே. ஆக, பதினொரு வருடங்களாக அந்தப் பள்ளியைத் தாங்கிக்கொண்டிருந்தது அதில் தேறாதவர்களின் உழைப்பு.

அதே பதினொரு வருடங்களாக அங்கே தலைமையாசிரியையாக இருந்தவர் பாக்கியசீலி டீச்சர். கூரையைச் செப்பனிடக் கோரி அவர் எழுதிய மனுக்கள் நூற்று நாற்பது. நிதி ஒதுக்கப்படவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று முறை ஒதுக்கினார்கள். முதல் முறை தொழில்நுட்ப ஒப்புதல் வருவதற்குள் நிதியாண்டு முடிந்தது. இரண்டாம் முறை தேர்தல் அறிவிப்பு வந்தது. மூன்றாம் முறை ஒப்புதலும் வந்து, தேர்தலும் முடிந்து, கோப்பு தலைமைக் குடியிருப்பில் யாருடைய மேசையிலோ நலமாக இருந்தது.

இதற்கிடையில் அரசு சும்மா இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சுகாதாரத் துறையில் 'இளையோர் தகவமைப்புத் திட்டம்' என்று ஒன்று இருந்தது. அதில் பணம் எப்போதும் மிச்சமாகி, மார்ச் மாதம் திரும்பிப் போகிற நிலையில் நிற்கும். கூரையில் காற்று ஒழுகியதால் மின்சாரத்தில் பெரும்பகுதி காற்றியந்திரத்துக்கே போய், வகுப்பறை விளக்குகள் பாதி அணைந்தபோது, விளக்கைச் சரிசெய்ய நிதி இல்லை. பிள்ளைகளுக்குக் 'கண்படலம்' வைத்தார்கள். இருட்டில் எழுத்துத் தெரிந்தது. வெப்பமூட்டியும் நின்றபோது 'தோல்வார்ப்பு' செய்தார்கள். புளியம்பழ ஓடு மாதிரி பழுப்பாக, தடிப்பாக ஒரு தோல். குளிர் உறைக்கவில்லை. கட்டடத்தைத் தொட வேண்டுமானால் ஏழு அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். பிள்ளையைத் தொட ஒரே கையெழுத்துப் போதும், அதையும் பெற்றோரே போட்டுவிடுவார்கள்.

இப்போது மூன்றாவது தவணை வந்திருந்தது.

உலகம்மையின் அப்பா சுடலைமுத்து அதற்கான ஒப்புதல் தாளை எடுத்துக்கொண்டு டீச்சரின் அறைக்கு வந்தார். மூடுபாதைகளுக்கு வெளிப்பக்கம் ஏறி மணல் தள்ளுகிற வேலை அவருக்கு. காப்புடுப்பைப் பாதி கழற்றியபடியே நின்றார்.

"டீச்சர், இதுல கையெழுத்துப் போடச் சொல்லுதாவ."

"போட்டுட்டீங்களா?"

"இல்ல. என்னமோ விலாப்பைன்னு போட்டிருக்கு. ஒண்ணும் புரியல."

பாக்கியசீலி டீச்சர் விளக்கினார். விலா எலும்புக்கு அடியில் ஒரு பையை வளர்ப்பார்கள். அது உயிர்வளியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை நிரம்பினால் ஆறு மணி நேரம் மூச்சே தேவையில்லை. சுரங்கத்தில் சிக்கியவர்களை மீட்கிற படைக்காக ஒரு காலத்தில் கண்டுபிடித்தது; பெரியவர்களின் உடம்பு ஏற்கவில்லை, பதினோரு வயதுக்குள் வைத்தால்தான் பிடிக்கும் என்று கிடப்பில் போட்டிருந்தார்கள். பை வளர இடம் வேண்டும் என்பதால் நுரையீரல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

"அப்பொறம் கூரையச் சரி பண்ணிட்டா, பையை எடுத்துருவாவளா?"

"எடுக்க முடியாது."

"அப்ப முழுக்காத்து?"

"ஆகாது. பத்து நிமிஷத்துல மூக்குல ரத்தம் வந்துரும்."

சுடலைமுத்து தாளை மடித்தார். மறுபடி விரித்தார்.

"எங்க வீட்டுல முழுக்காத்துல்லா டீச்சர் இருக்கு" என்றார். "அப்ப அவ எங்க படுப்பா?"

அந்தக் கேள்விக்கு ஒப்புதல் தாளில் பதில் இருந்தது. ஒன்பதாம் பத்தியில், சிறிய எழுத்தில்: பயனாளியின் இருப்பிடத்தை ஒட்டி வெளிப்புறக் கொட்டகை அமைத்துக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு. டீச்சர் அதை அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

"வெள்ளிக்கிழம மன்றக் கூட்டம் இருக்கு. அதுவரைக்கும் போடாதீங்க" என்றார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு பொருள்கள் அடுத்தடுத்து இருந்தன. பதினான்காவது, எதிர்க்கட்சியின் முன்மொழிவு: ஊரின் வெள்ளிவிழா வளைவுக்கு ஒதுக்கிய தொகையில் முதலில் பள்ளிக் கூரைக்கு அடைப்புப் பட்டை வாங்கிவிடலாம், அரசு நிதி வரும்போது வளைவைக் கட்டிக்கொள்ளலாம். பதினைந்தாவது, தலைவரின் முன்மொழிவு: ஐந்தாம் வகுப்பு மாணவர் முப்பத்தொரு பேருக்கும் விலாப்பை. பதினான்கு நிறைவேறினால் பதினைந்துக்கு வேலை இல்லை. மன்றத்தில் ஒன்பது பேர். ஆளுங்கட்சி ஐந்து, எதிர்க்கட்சி நான்கு.

ஒரு கை குறைந்தது. அந்த ஒரு கையைத் தேடி டீச்சர் நான்காவது வார்டு உறுப்பினர் தங்கபுஷ்பத்தின் பாசிக்கூடத்துக்குப் போனார். தங்கபுஷ்பம் ஆளுங்கட்சிக்காரி. முழங்கை வரை பச்சையாக, தொட்டியில் பாசி அரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொல்லுறது நியாயந்தான் டீச்சர். எம் பேத்தி உங்க பள்ளிக்கூடத்துல படிச்சா நான் விடுவேனா?"

"உங்க பேத்தி எங்க படிக்கா?"

"தலைமைக் குடியிருப்புல, தனியார்ல. நம்ம மெம்பர்மாரு பிள்ளைய எல்லாம் அங்கதானே" என்றவள், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சரி, கை தூக்குதேன். ஆனா மொத ஆளாத் தூக்க மாட்டேன். கட்சியில என்னைக் கொன்னுருவாவ. அவுங்க நாலு கை மேல போவட்டும். அஞ்சாவதா எங் கை வரும். சத்தியம்."

டீச்சர் அன்று இரண்டு பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் காற்றறை அனுமதி கொடுத்தார். காரணம் கேட்டவர்களிடம் சந்தோஷம் என்றார்.

நகர்மன்றக் கூடத்தில் காற்று முழுதாக, இளஞ்சூடாக, லேசாக மல்லிகை மணத்தோடு இருந்தது. கூட்டக் குறிப்பு எடுக்கும் இயந்திரத்துக்குப் 'பதிவன்' என்று பெயர். தலைவர் வேலாயுதப்பெருமாளின் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் அவருடைய பட்டங்களையும் சேர்த்துச் சொல்லும்படி அதற்குக் கட்டளை இருந்தது. செவ்வாய்ச் செம்மல், ஈர்ப்பு விசையை வென்ற இதயம், செம்மணல் கண்ட சிங்கம் என்று தொடங்கி அது முடிப்பதற்குள் தலைவர் ஒரு பாசி வடை சாப்பிட்டு முடித்துவிடுவார்.

பார்வையாளர் வரிசையில் டீச்சரும் சுடலைமுத்துவும் உட்கார்ந்திருந்தார்கள். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்று எதிரே எழுதியிருந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் மாடசாமித்துரை எழுந்தார். நன்றாகப் பேசினார் என்பதை மறுக்க முடியாது. பிள்ளைகளின் மூச்சுமானி எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். "தொண்ணூத்தொண்ணு, எண்பத்தெட்டு, எண்பத்தி ரெண்டு... இது மார்க்கு இல்லய்யா, உசுரு!" என்றபோது தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுடலைமுத்து டீச்சரைப் பார்த்துத் தலையாட்டினார். இனி வாக்கெடுப்புத்தான். நான்கு கை மேலே போக வேண்டும். அவ்வளவுதான்.

வேலாயுதப்பெருமாள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லாப் பேசினீரு. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒழுகுதே அந்தக் கூரை, அதைக் கட்டினது யாரு ஆட்சியில?"

"அது பேச்சு இல்ல."

"யாரு ஆட்சியிலன்னு கேக்கேன்."

"ஏழு வருஷமா நீரு தலைவரா இருந்து என்னய்யா புடுங்குனீரு?"

"உம்ம மச்சினன்தானே ஒப்பந்தக்காரரு? அடைப்புப் பட்டையில அடிச்ச காசுலதானே நீரு வீடு கட்டினீரு?"

"மன்னிப்புக் கேளும்!"

"கேக்க மாட்டேன். போம்."

மாடசாமித்துரை மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த உதறல் எதற்கு அறிகுறி என்று அவையில் எல்லோருக்கும் தெரியும். "இந்தச் சர்வாதிகாரப் போக்கைக் கண்டித்து நாங்கள் வெளிநடப்புச் செய்கிறோம்!" என்றார் செந்தமிழில். மற்ற மூவரும் எழுந்துவிட்டார்கள்.

செம்மணற்பட்டியில் வெளிநடப்பு என்பது சொல்லளவில் நிற்கிற விஷயமில்லை. பக்கத்து அறைக்குப் போய்த் தேநீர் குடிப்பதை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். காப்புடுப்பு மாட்டி, தலைக்கவசம் பூட்டி, காற்றடைப்புக் கதவு வழியாகக் கோளின் தரைக்கே போய் நிற்க வேண்டும். கதவுக்கு இடையிலிருக்கும் காற்று வடிய பதினொரு நிமிடம். பறக்கும் படக்கருவி வந்து எடுக்கும் வரை வெளியே பதினைந்து நிமிடம். திரும்பி வரக் காற்று நிரம்ப இன்னொரு பதினொரு நிமிடம். ஒரு வெளிநடப்பில் வீணாகும் காற்று பள்ளிக்கு அரை நாள் போதும் என்று டீச்சர் தன் எண்பத்தேழாவது மனுவில் குறிப்பிட்டிருந்தார்.

நால்வரும் கட்சி நிறக் காப்புடுப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வரிசையைத் தாண்டி ஓடினார்.

"ஐயா, போகாதீங்க! இன்னைக்கு நீங்கதான் ஜெயிக்கீங்க! உக்காந்து கையத் தூக்கினாப் போதும்!"

மாடசாமித்துரை கவசத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்து உருக்கமாகக் கும்பிட்டார். கவசம் பூட்டியபின் வெளிச்சத்தம் கேட்காது. கதவு மூடியது.

"பார்வையாளர் பேசக்கூடாது" என்றது பதிவன். பிறகு, "பொருள் பதினான்கு: முன்மொழிந்தவர் அவையில் இல்லாததால் கைவிடப்பட்டது. பொருள் பதினைந்து: ஆதரிப்போர் கை தூக்கலாம்."

நான்கு கைகள் மேலே போயின. டீச்சர் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். தங்கபுஷ்பம் காற்றடைப்புக் கதவைப் பார்த்தாள். வேலாயுதப்பெருமாள் தங்கபுஷ்பத்தைப் பார்த்தார். சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள் என்றுதான் சொல்ல வேண்டும்: நான்கு கை மேலே போனபிறகு, ஐந்தாவதாக அவள் கை போனது.

"ஏகமனதாக நிறைவேறியது" என்றது பதிவன்.

கண்ணாடிக்கு வெளியே செம்மண் தரையில் நான்கு பேர் முஷ்டியை உயர்த்தி முழக்கமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வாய் அசைவது தெரிந்தது. சத்தத்தைச் சுமந்து வர அங்கே காற்று இல்லை.

முப்பத்தேழு நிமிடம் கழித்து உள்ளே வந்த மாடசாமித்துரை வியர்வையைத் துடைத்தபடி டீச்சரிடம் வந்தார். "என்னாச்சு?"

டீச்சர் சொன்னார்.

அவர் மேல்துண்டைத் தோளில் மறுபடி சரிசெய்துகொண்டார். "பரவால்ல டீச்சர்" என்றார் பிறகு. "நம்ம எதிர்ப்பப் பதிவு பண்ணிட்டோம்லா. அதுதான் முக்கியம்."

சுடலைமுத்து உட்பட எல்லாப் பெற்றோரும் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். விலாப்பை வைக்கும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. திட்டங்களிலேயே இவ்வளவு வேகமாக நடந்தது வேறில்லை என்று சுகாதாரத் துறை பெருமைப்பட்டுக்கொண்டது. முப்பத்தொரு பிள்ளைகள் மயக்கத்தில் போனார்கள். முப்பது பேர் கண் விழித்தார்கள்.

மறுநாள் பாக்கியசீலி டீச்சர் வருகைப் பதிவேட்டை விரித்தபோது, பழக்கத்தில் "பூலித்துரை" என்று கூப்பிட்டுவிட்டார். யாரும் எண் சொல்லவில்லை. மன்றம் கூடி இரண்டு நிமிடம் எழுந்து நின்றது. மூன்றாவது நிமிடம் வெள்ளிவிழா வளைவின் நிறம் பற்றிய விவாதம் தொடங்கியது.

நான்கு மாதம் கழித்து அரசு நிதி வந்தது.

ஒன்பது நாளில் கூரை சரியானது. புதுப் பட்டை, புது விளக்கு, வெப்பமூட்டி. விடைத்தாள்களைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுவருக்கு மஞ்சள் பூசினார்கள். திறப்பு விழாவில் வேலாயுதப்பெருமாள் நாற்பது நிமிடம் பேசினார். "மூச்சுத் திணறிய பிஞ்சுகளுக்கு முழுக்காற்றுத் தந்தவன்" என்று தன்னைக் குறிப்பிட்டுக்கொண்ட இடத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த உலகம்மைக்கு மூக்கில் இரத்தம் வந்தது. பிறகு அடுத்தவளுக்கு. முப்பது பேரையும் வெளியே கொண்டுபோய்க் கோளின் தரையில் உட்கார வைத்தபிறகுதான் நின்றது. காப்புடுப்பு இல்லாமல், சட்டை பாவாடையோடு, செம்மண்ணில் வரிசையாக உட்கார்ந்து அவர்கள் கண்ணாடி வழியாக விழாவின் மீதியைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து டீச்சர் உள்ளே நின்று கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் காதுக்குமிழில் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்து எழுதினார்கள். உலகம்மை விலாப்பை வைத்த நாளிலிருந்தே வீட்டின் பின்பக்கக் குறைகாற்றுக் கொட்டகையில்தான் படுத்தாள். சுடலைமுத்து சாப்பாட்டுத் தட்டை இரட்டைக் கதவுப் பெட்டியில் வைத்துத் தள்ளுவார். உலகம்மையின் அம்மா கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். உள்பக்கம் அவள் கை, வெளிப்பக்கம் மகள் கை.

இது இப்படியே ஒரு துயரமாக இருந்துவிட்டுப் போயிருக்கும். சுரங்க நிறுவனம் ஒன்று அந்த முப்பது பேரைப் பற்றிக் கேள்விப்பட்டதுதான் திருப்பம்.

காப்புடுப்பு வேண்டாம், காற்று உருளை வேண்டாம், ஆறு மணி நேரம் வெளித்தரையில் நிற்கக்கூடிய மனிதர்கள்! நிறுவனம் முப்பது பிள்ளைகளுக்கும் 'பணி உறுதி ஆணை' அனுப்பியது. பதினெட்டு வயது முடிந்ததும் வேலை. அதுவரை மாதாமாதம் உதவித்தொகை. ஓய்வூதியம், குடியிருப்பு, பூமிக்கு ஒரு முறை போய்வரப் பயணச்சீட்டு.

சுடலைமுத்து டீச்சரின் அறைக்கு மறுபடி வந்தார். இந்த முறை கையில் இனிப்புப் பொட்டலம்.

"எடுத்துக்கோங்க டீச்சர். உலகம்மைக்கு ஆர்டர் வந்துட்டு."

டீச்சர் எடுக்கவில்லை. "அவ எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன. எங்க வம்சத்துலயே நிரந்தர வேலைன்னு பாத்தது அவதான்." பொட்டலத்தை டீச்சரின் மேசைமேல் வைத்தார். "கொட்டகைய பெருசாக்கிக் கட்டப் போறோம்."

செய்தி பரவியது. விலாப்பைக்கு யார் தகுதி என்று ஊர் விதிப்புத்தகத்தைப் புரட்டியது. இரக்கத்தின் பேரில் எழுதிய விதி அது: 'பழுதடைந்த, குறைகாற்றுப் பள்ளிகளில் குறைந்தது ஓராண்டு பயின்ற பிள்ளைகளுக்கு மட்டும்.' நல்ல கூரையின் கீழ் படித்தவர்கள் விண்ணப்பிக்கவே முடியாது.

ஒரு வாரத்துக்குள் பாக்கியசீலி டீச்சரின் மேசையில் மனுக்கள் குவிந்தன. பதினொரு வருடத்தில் அவர் எழுதியதைவிட அதிகம். எல்லாவற்றிலும் ஒரே கோரிக்கை: பள்ளிக் கூரை இன்னும் ஒழுகுகிறது என்று தலைமையாசிரியை சான்றளிக்க வேண்டும்.

"ஒழுகலையே" என்றார் டீச்சர், வந்திருந்த பெற்றோர் குழுவிடம்.

"ஒழுகுதுன்னு எழுதினா ஒழுகுது. இதுல என்ன இருக்கு?" என்றார் ஒருவர்.

"ஒரு பிள்ளை செத்துருக்கான்."

பின்வரிசையிலிருந்து ஓர் ஆள் மரியாதையாகக் கையை உயர்த்தினார். "முப்பத்தொண்ணுல ஒண்ணு, டீச்சர். கிட்டத்தட்ட தொண்ணூத்தேழு பர்சன்ட் ரிசல்ட்டு. வேற எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும்?"

அந்த எண் மறுநாளே மூடுபாதையில் விளம்பரப் பலகையாகத் தொங்கியது. மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு மூச்சடக்கப் பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் இரண்டு முளைத்தன. அவற்றில் ஒன்று தங்கபுஷ்பத்தின் பாசிக்கூட மாடியில்.

மன்றம் கூடியது. ஒரே பொருள்: நகராட்சிப் பள்ளிக் கட்டடத்தைப் பழுதடைந்ததாக அறிவிப்பது. வேலாயுதப்பெருமாள் முன்மொழிந்தார். மாடசாமித்துரை வழிமொழிந்தார். "மக்கள் நலன் என்று வரும்போது எங்களுக்குக் கட்சி இல்லை" என்று அவர் சொன்னபோது இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செம்மணற்பட்டி வரலாற்றில் யாரும் வெளியே போகாத முதல் கூட்டம் அது. ஒன்பது கைகளும் உட்கார்ந்த இடத்திலேயே உயர்ந்தன.

தலைமையாசிரியையின் கையெழுத்து மட்டும் பாக்கி. வேலாயுதப்பெருமாளே தாளோடு வந்தார்.

"டீச்சர், நீங்க பதினோரு வருஷமா எழுதினதத்தானே நாங்க எழுதியிருக்கோம். அதே வார்த்தைதான். ஒரு எழுத்து மாத்தல."

"அப்ப அது உண்மை. இப்ப பொய்."

"ஒரு ஆளு பிடிவாதத்துல நானூறு பிள்ளைய எதிர்காலம் பாழாப் போகணுமா?"

டீச்சர் பேனாவை எடுத்தார். தாளின் அடியில், 'கட்டடம் நன்றாக இருக்கிறது. காற்று முழுதாக இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவருக்கு இடமாற்ற ஆணை மறுநாள் காலை வந்தது. ஏழு அதிகாரிகளின் கையெழுத்தும் அதில் இருந்தது. தென்துருவத்துப் பனிக்கிடங்குப் பள்ளி, பிள்ளைகள் நான்கு பேர்.

புதுத் தலைமையாசிரியர் வந்த அன்றே சான்றிதழ் தயாரானது. ஆய்வாளர் வந்து பார்த்துவிடுவாரே என்ற கவலையைப் பெற்றோர்களே தீர்த்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒரே நாளில், நிதியும் திரட்டி வேலையையும் முடித்தார்கள். சுடலைமுத்து கூரைமேல் ஏறி, புதுப் பட்டையை மூன்று இடங்களில் நெம்பிக் கொடுத்தார். வெளித்தரையில் வேலை செய்து பழகிய கை. நெம்பிய இடங்களில் யாரும் விடைத்தாள் ஒட்டவில்லை. ஒட்டக்கூடாது என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள்.

சேர்க்கை தொடங்கிய நாளில்தான் பாக்கியசீலி டீச்சர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். பயணநிலையத்துக்குப் போகிற மூடுபாதை பள்ளி வாசலைத் தாண்டித்தான் போகிறது. வரிசை வாசலிலிருந்து சந்தைக் கூடு வரை நின்றது. முன்னால் வேலாயுதப்பெருமாளின் பேரன், தனியார் பள்ளிச் சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தான். அவனுக்குப் பின்னால் தங்கபுஷ்பத்தின் பேத்தி. மாடசாமித்துரையின் மகள் வயிற்றுப் பேரனுக்குத் தள்ளி இடம் கிடைத்ததில் ஏதோ தகராறு நடந்துகொண்டிருந்தது. டீச்சரைக் கண்டதும் தெரிந்த முகங்கள் எல்லாம் சுவரைப் பார்த்தன.

வரிசையின் கடைசியில் வெளியூர்ப் பெண் ஒருத்தி நின்றாள். பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து முதல் வண்டியில் வந்திருக்க வேண்டும். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் குழந்தை, கன்னமெல்லாம் மிட்டாய்ச் சாயம். டீச்சரின் கையிலிருந்த பதிவேட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு அவள் பதற்றமாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, நீங்க இந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரா?"

"ஆமா. நேத்து வரைக்கும்."

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்காதீங்க. ரொம்பத் தூரத்துல இருந்து வாரோம். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாவ." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள நெசமாவே காத்து கம்மிதானா?"

பாக்கியசீலி டீச்சர் குழந்தையைப் பார்த்தார். அது அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பிடிக்கக் கை நீட்டிச் சிரித்தது. செலவு பார்க்காத சிரிப்பு. நெஞ்சு நிறைய, வயிறு குலுங்க.

"கம்மிதான்மா" என்றார். "உள்ள போனதும் தலை சுத்தும். சின்னப் பிள்ளை தாங்காது. திரும்பிப் போயிரு."

அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நெடுந்தூரம் சுமந்து வந்த கவலையை இறக்கிவைத்ததுபோல ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வரிசையில் ஓர் அடி முன்னால் நகர்ந்து, அதன் காதருகே சொன்னாள்:

"கேட்டியாட்டி? நல்ல பள்ளிக்கூடமாம்."